கோடை விடுமுறையில் ஆறு வாரம் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா?

மதுரையில் இளங்கலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். கோடை விடுமுறையில் தாய்லாந்துப் பள்ளி ஒன்றில் ஆறு வாரம் ஆங்கிலம் கற்பிக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குத் தேர்வாகியிருக்கிறார். தன்னுடைய ஆங்கிலம் அதற்குப் போதுமா, ஆறு வாரத்தில் அந்தக் குழந்தைகளுக்கு ஏதேனும் பயன் இருக்குமா என்பவை அவருடைய கேள்விகள். "வேலையும் செய்துவிட்டுப் பணமும் நாமே கட்டுவதா?" என்பது அவருடைய அப்பாவின் கேள்வி. மதுரைக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இத்தகைய திட்டங்களுக்குப் பல மாணவர்களைத் தயார்செய்து அனுப்பியவன் என்ற முறையிலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போகலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் அமைப்பாளர்களிடம் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: நான் பாடம் நடத்தும்போது அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியர் என்னோடு அதே வகுப்பறையில் இருப்பாரா? இருப்பார் என்று பள்ளியின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் குறிப்பிட்டுப் பதில் வந்தால் அது நல்ல திட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். "அதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், திட்டம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் வேண்டாம். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வகுப்புக்கு வாரம் மூன்று பாடவேளை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்துக்குப் பதினெட்டு. பாடவேளை ஐம்பது நிமிடம் என்றால் மொத்தம் 15 மணி நேரம். முதல் வாரத்தில் அறிமுகமும், கடைசி வாரத்தில் வழியனுப்பு விழாவும், இடையில் அரசு விடுமுறைகளும் போக, உண்மையில் கைக்கு வருவது 12 மணி நேரம். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ2 என்னும் தொடக்கநிலைப் படியை எட்டுவதற்கே ஆசிரியர் துணையோடு ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரம் படிக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பினர் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது நீங்கள் கொடுக்கக்கூடியது பதினைந்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கு வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால், உங்களுக்கு முன்பு நடந்தது எது, நீங்கள் போன பிறகு நடக்கப்போவது எது என்று தெரிந்த ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும். அவர் இல்லாத இடத்தில் வண்ணங்களின் பெயரையும் விலங்குகளின் பெயரையும் போன ஆண்டு வந்த மாணவர் சொல்லிக்கொடுத்திருப்பார், நீங்களும் அதையே சொல்லிக்கொடுப்பீர்கள், அடுத்த ஆண்டு வருபவரும் அதையே சொல்லிக்கொடுப்பார்.

இதில் மதுரைக்குச் சொந்த அனுபவம் உண்டு. நாம் இப்போது ஆட்களை அனுப்புகிறோம் என்றாலும், பல பத்தாண்டுகளாக வந்தவர்களை வரவேற்ற ஊர் இது. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்து 1908-இல் தொடங்கப்பட்ட ஷான்சி அமைப்பு, முதலில் சீனாவுக்கும் பின்னர் வேறு ஆசிய நாடுகளுக்கும் இளம் பட்டதாரிகளை அனுப்பிவந்தது. அவர்கள் 1881-இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரிக்கும், 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் நிறுவிய லேடி டோக் கல்லூரிக்கும் வந்து ஆங்கில வகுப்பெடுத்தார்கள். அவர்கள் இங்கே தங்கியது ஆறு வாரம் அல்ல, பொதுவாக இரண்டு ஆண்டு. தமிழ் படித்தார்கள், விடுதி உணவைச் சாப்பிட்டார்கள், துறையிலிருந்த மூத்த ஆசிரியர்களிடம் கேட்டுத்தான் பாடத்தைத் தீர்மானித்தார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அந்தத் துறை அப்படியே இருந்தது. வந்தவர் நல்ல ஆசிரியராக அமையாத ஆண்டிலும் மாணவர்களுக்குப் பெரிய இழப்பு நேராததற்கு அதுவே காரணம். ஏற்கும் இடம் உறுதியாக இருந்தால்தான் வருகிறவரின் குறை தாங்கக்கூடியதாக இருக்கும்.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவனை ஓர் அமைப்பு வெளிநாட்டுச் சிற்றூர்ப் பள்ளிக்கு அனுப்பியது. போய்ச் சேர்ந்த மறுநாளே நாற்பதுக்கும் மேற்பட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கிருந்த ஆசிரியர் தமக்கு ஓய்வு கிடைத்தது என்று அலுவலக அறைக்குப் போய்விட்டார். அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரியாது. அவனுடைய ஆங்கிலம் அவர்களுக்குப் புரியவில்லை. ஆங்கிலப் பாட்டுப் பாடியும் பந்து எறிந்து விளையாடியும் மூன்று வாரத்தை ஓட்டிவிட்டு, நான்காம் வாரம் இரவில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, நான் அவர்களுடைய நேரத்தை வீணாக்குகிறேன்" என்று சொல்லிக் குரல் உடைந்து நின்றான். அவன் நல்ல மாணவன். பிழை அவனுடையது அல்ல. அன்றுமுதல்தான் நான் மேலே சொன்ன கேள்வியை முதல் கேள்வியாக வைத்தேன்.

இனி உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி. தமிழ்வழியில் படித்தவர் ஆங்கிலம் கற்பிக்கலாமா என்ற தயக்கம் உங்கள் உள்ளத்தில் தானாக முளைத்தது அன்று. உலகமே அதற்கு நீர் ஊற்றிவருகிறது. தென் கொரியா, ஆங்கில ஆசிரியர்களுக்கான ஈ-2 விசாவை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்னும் ஏழு நாட்டவர்க்கே பொதுவாக வழங்கிவந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்தான் அதைக் கற்பிக்க முடியும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தாய்மொழியாகப் பெற்றவர் ஏணி இல்லாமலே மாடியில் பிறந்தவர். நீங்கள் ஒவ்வொரு படியாக ஏறியவர், எந்தப் படி வழுக்கும் என்று உங்கள் காலுக்குத் தெரியும். ஆனால் ஏறியதை நினைத்துப்பார்த்து வரிசைப்படுத்தினால்தான் அந்த அறிவு பயன்படும்.

எடுத்துக்காட்டாக ஒலிப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது நன்னூல் படித்த எவருக்கும் தெரியும். அதனால்தான் நம் ஊரில் 'புக்' என்பது 'புக்கு' ஆகிறது, 'பஸ்' என்பது 'பஸ்ஸு' ஆகிறது, சொல்லின் முடிவில் ஓர் உகரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தாய்லாந்துக் குழந்தை அதற்கு எதிர்த்திசையில் போகும். சொல்லின் இறுதி ஒலியை வெளியே விடாமல் வாய்க்குள்ளேயே நிறுத்தும். அம்மொழியில் சொல்லின் ஈற்றில் ஸகரம் வந்தால் தகரமாகவும், லகரம் வந்தால் னகரமாகவும் மாறும் என்பதால், 'பஸ்' அவர்கள் வாயில் 'பத்' என்றும், 'ஹோட்டல்' என்பது 'ஹோத்தென்' என்றும் கேட்கும். 'ஸ்கூல்' என்பதை நம் கிராமத்துப் பாட்டி 'இஸ்கூல்' என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்துச் சொல்வார். அங்கே நடுவில் ஓர் அகரம் நுழைந்து 'சக்கூன்' என்பதுபோல ஒலிக்கும். இரு மொழியாரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள், எழும் விதம்தான் வேறு. இதை முன்கூட்டியே அறிந்தவர் அந்தக் குழந்தையைச் சோம்பேறி என்று நினைக்க மாட்டார்.

எல்லா இடத்திலும் நம் அனுபவம் கைகொடுக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். வருகிறேன், வருகிறாய், வருகிறாள் என்று வினையின் முடிவிலேயே ஆளைக் காட்டும் மொழி நம்முடையது. ஆதலால் ஆங்கிலத்தில் 'ஷி' வந்தால் வினையோடு ஓர் 'எஸ்' சேர வேண்டும் என்பதை நாம் மறந்துபோனாலும், அந்தக் கருத்து நமக்குப் புதிது அல்ல. தாய்லாந்து மொழியில் வினைச்சொல் ஆளுக்கேற்பவும் மாறாது, காலத்துக்கேற்பவும் மாறாது. நேற்று என்றோ நாளை என்றோ ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். எனவே அங்கே 'எஸ்'ஸுக்காகவும் 'ஈடி'க்காகவும் நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. அது நிரந்தர ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை.

பயணத்துக்கு முன் நீங்கள் செய்தே ஆக வேண்டிய ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் என் மாணவர்களுக்கு மிகுதியும் பயன்பட்டது இதுதான். மதுரையில் சௌராஷ்டிர மொழியை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் ஏராளம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருப்பார். நான் அத்தகைய மாணவி ஒருவரை அழைத்து, தமிழும் ஆங்கிலமும் ஒரு சொல்கூடக் கலக்காமல் இருபது நிமிடம் தம் மொழியில் பாடம் நடத்தச் சொன்னேன். வெளிநாடு செல்லவிருந்த மாணவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு சொம்பு, தண்ணீர், டம்ளர், வாழைப்பழம், கத்தி ஆகியவற்றை மேசையில் வைத்தார். சொம்பைக் காட்டிப் பெயர் சொன்னார், தண்ணீரை ஊற்றிக்கொண்டே பெயர் சொன்னார், குடித்துக் காட்டி வினை சொன்னார். ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள். பத்தாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. 'ஊற்று' என்பதற்கு அவர் சொன்ன சொல்லையும் 'தண்ணீர்' என்பதற்குச் சொன்ன சொல்லையும் பிரித்தறிய முடியாமல் ஒருவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பெஞ்சில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள், தன்னைக் கேட்டுவிடக் கூடாதே என்று. மறுநாள் காலையில் கேட்டேன். சொல்லிக்கொடுத்த பன்னிரண்டு சொற்களில் பெரும்பாலோருக்கு நான்கைந்துதான் நினைவில் இருந்தன. அதற்குப் பிறகு அவர்கள் எழுதிவந்த பாடத்திட்டங்களில் ஒரு பாடவேளைக்கு இருபது சொல் என்று இருந்தது தானாகவே ஆறு சொல் என்று குறைந்துவிட்டது. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பயிற்சியின் மறுபாதி, உங்கள் ஊரிலேயே தமிழைப் பயன்படுத்தாமல் ஆங்கிலம் நடத்திப்பார்ப்பது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பத்துப் பிள்ளைகளோடு பத்து மாலை வகுப்பு நடத்துங்கள். வெளிநாட்டில் செய்யப்போகும் தவறுகளில் பாதியை இங்கேயே செய்துவிடலாம். இன்னொன்றும் செய்யுங்கள். வகுப்பில் முந்திப் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்து பாருங்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், மணலில் விரலால் எழுதிப் பழகும் நம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து அம்முறையைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடாக அதை வளர்த்து 1797-இல் லண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பிரிட்டன் முழுவதும் பரவியது. கற்பிக்கும் கலையில் நாம் வெறுங்கையோடு வெளிநாடு போகவில்லை என்பதற்காக இதை நினைவூட்டுகிறேன்.

அங்கே என்ன நடத்துவது? உங்களுக்குக் கிடைக்கும் 12 மணி நேரத்துக்கு அறுபது எழுபது சொற்களும் ஐந்தாறு வாக்கிய அமைப்புகளும் போதும். எவை என்பதை அந்த ஆசிரியரிடம் கேட்டு, அவருடைய பாடநூலிலிருந்தே எடுங்கள். அவற்றைப் பேசவைப்பதற்குத்தான் உங்கள் தேவை. பள்ளி ஆண்டு முழுவதும் அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பேசியே தீரவேண்டிய ஆள் எவரும் கிடைப்பதில்லை. தாய்லாந்து மொழி தெரியாத நீங்கள் அங்கே நிற்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. நம் நாட்டு மொழியாசிரியரான என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய திட்டம் இதற்கு நல்ல வழிகாட்டி. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பதுபோன்ற வேலைகளைக் கொடுத்து, அந்த வேலையைச் செய்து முடிக்கும் கவனத்திலேயே மொழி படியும்படி அவர் செய்தார். 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகெங்கும் மொழியாசிரியர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குப் போகும் பேருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பேருந்தில் ஏறினால் பத்து மணிக்குள் தேனி சேரலாம் என்று அவர்கள் உங்களிடம் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு பாடத்தையும் சொல்கிறேன், என் மாணவி ஒருத்தி வடகிழக்குத் தாய்லாந்தில் நடத்தியது. அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும் படம் ஒன்றை எடுத்துப்போயிருந்தாள். "எவ்ரி இயர், ஹி கம்ஸ் டு த ரிவர்" என்று தொடங்கினாள். அடுத்த படத்தில் பக்தர்கள் தோல்பையில் தண்ணீர் நிரப்பி அழகர்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் பிள்ளைகள் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டார்கள். அவர்களுடைய புத்தாண்டான சொங்க்ரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை, தெருவெங்கும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும் திருவிழா. ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "வி டூ! வி டூ!" என்று ஒரு சிறுவன் கத்தினான். பிறகு யார் ஊற்றுவார், யார்மேல் ஊற்றுவார், எதில் ஊற்றுவார் என்று தாமே ஆங்கிலத்தில் சொல்ல முயன்றார்கள். அறைக் கடைசியில் உட்கார்ந்திருந்த ஆசிரியை, தெரியாத சொற்களை மட்டும் எடுத்துக்கொடுத்தார். மறுவாரம் அதே வாக்கியங்களை அவர் தம் எழுத்துப் பாடத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். நிரந்தர ஆசிரியர் வகுப்பில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நம் கோடை அவர்களுடைய கோடை அல்ல என்பதையும் கவனியுங்கள். நமக்கு மே மாதமும் ஜூன் பாதியும் ஓய்வு. தாய்லாந்துப் பள்ளிகள் மே மாத நடுவில் திறக்கின்றன, ஆகவே ஓரளவுக்குப் பொருந்தும். வியட்நாமில் மே கடைசியில் பள்ளி மூடிவிடும், அங்கே போனால் விடுமுறை முகாம்தான் கிடைக்கும். ஐரோப்பாவில் உங்களுக்குக் கிடைக்கும் நாட்களில் பாதி அவர்களுடைய ஆண்டிறுதித் தேர்வில் போய்விடும். தாய்லாந்தில் ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் பெரும்பாலான பள்ளிகளில் 'வாய் க்ரூ' என்னும் ஆசிரியர் வணக்க விழா நடக்கும். 'க்ரூ' என்பது நம் 'குரு'தான். பிள்ளைகள் மண்டியிட்டு அமர்ந்து ஆசிரியரிடம் மலர்த்தட்டைக் கொடுப்பார்கள். அதில் மரபாக வைப்பவை வெட்சிப்பூ, அறுகம்புல், கத்தரிப்பூ. வெட்சிப்பூவின் ஊசிமுனை கூர்த்த அறிவுக்கு, அறுகு எங்கும் படர்ந்து பிழைப்பதற்கு, தலைகுனிந்து பூக்கும் கத்தரிப்பூ பணிவுக்கு. உங்களுக்கும் ஒரு தட்டு வரும். அந்த ஆண்டு முழுவதும் அவர்களோடு இருக்கப்போகும் ஆசிரியருக்குப் பின்னால் நின்று அதை வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் வழக்கப்படி அன்பாகக் குழந்தையின் தலையைத் தொட்டுவிட வேண்டாம். அங்கே பிறர் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். இத்தகைய திட்டங்களில் சம்பளம் கிடையாது, பெரும்பாலும் தங்குமிடமும் சில இடங்களில் உணவும் கிடைக்கும். திட்டக் கட்டணம், விமானச் சீட்டு, விசா, காப்பீடு ஆகியவை நம் பொறுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1948-இல் ஐரோப்பிய மாணவர்கள் தொடங்கி, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் மாணவர்களே நடத்தும் அய்செக் போன்ற அமைப்புகளும் தன்னார்வப் பயணத்துக்குக் கட்டணம் வாங்கவே செய்கின்றன. ஆகவே கட்டணம் கேட்பதே ஏமாற்று ஆகிவிடாது. அந்தக் கட்டணம் எங்கே போகிறது, பயணம் நின்றுபோனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆனால் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ இதற்குப் போகவே போகாதீர்கள். திரும்பி வந்து அடைக்க வருமானம் தரும் பயணம் அல்ல இது. கையில் இருப்பது குறைவு என்றால் நேபாளத்தைப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. ரயிலில் கோரக்பூர் போய்ச் சுனௌலி எல்லையைக் கடக்கலாம். பள்ளி ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கிவிடுவதால் நம் விடுமுறைக்கும் பொருந்தும்.

விசாவில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. 2023 நவம்பர் முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் தாய்லாந்து சென்றுவர முடிந்திருப்பதால், "அப்படியே போய்ப் பாடம் எடுக்கலாம்" என்று சில முகவர்கள் சொல்கிறார்கள். அது தவறு. ஊதியமில்லாத தொண்டுக்கும் அங்கே தனி வகை விசாவும் வேலை அனுமதியும் வேண்டும், அதற்கான கடிதத்தைப் பள்ளிதான் தர வேண்டும். இங்கும் உண்மையான பள்ளி ஒன்று பின்னால் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆசிரியர் வேலை என்று அழைத்துப் பாங்காக் இறங்கியதும் "முதலில் கணினி வேலை, மே சோட் போக வேண்டும்" என்று எவரேனும் சொன்னால், அங்கிருந்து ஓர் அடி எடுத்து வைக்காமல் இந்தியத் தூதரகத்தை அழையுங்கள். மே சோட் தாய்லாந்தின் எல்லையோர ஊர். அந்த எல்லைக்கு அப்பால் மியான்மரின் மியாவடியில் நம் இளைஞர்கள் இணைய மோசடி வேலைக்குச் சிறைவைக்கப்பட்டதைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது.

பள்ளிக்குப் பதிலாக அநாதை இல்லத்தில் கற்பிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பல பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொண்டர்கள் கொண்டுவரும் பணத்துக்காகவே அவர்களை வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் கொடுமை அங்கே நடந்திருக்கிறது. வாரத்துக்கொரு புது முகம் வந்து பாசம் காட்டிப் பிரிவது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் நன்மையும் அல்ல. பள்ளியிலும் எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்காதீர்கள், அவர்களுடைய படங்களைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

சான்றிதழ் வேலைக்குப் பயன்படுமா என்பதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஆறு வாரச் சான்றிதழைப் பார்த்து எந்தப் பள்ளியும் வேலை கொடுக்காது. இணையத்தில் விற்கும் 120 மணி நேரச் சான்றிதழ்களில், உண்மையான மாணவர்கள் முன் நின்று கற்பிக்கும் பயிற்சி இல்லாதவற்றுக்கும் மதிப்புக் குறைவு. கேம்பிரிட்ஜின் செல்டா என்னும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் 120 மணி நேரத்துக்குள் பயிற்றுநர் பார்வையில் 6 மணி நேரம் கற்பித்தாக வேண்டும் என்பதாலேயே அதற்கு மதிப்பு. நீங்கள் திரும்பும்போது உங்களிடம் இருக்க வேண்டியது, ஒவ்வொரு பாடவேளையிலும் எதை நடத்தினீர்கள், எது புரிந்தது, எது புரியவில்லை என்று தேதியிட்டு எழுதிய குறிப்பேடு. அதன் பிரதி ஒன்றை அங்குள்ள ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வகுப்பாசிரியர் உடனிருப்பார் என்ற பள்ளியின் கடிதம், பணம் திரும்பக் கிடைக்கும் விதிகள், விசா வகையைக் குறிப்பிடும் கடிதம் ஆகிய மூன்றையும் கேட்டு இந்த வாரமே எழுதுங்கள். வந்ததும் அப்பாவிடம் காட்டித் தமிழில் படித்துச் சொல்லுங்கள். அவரும் சம்மதித்தால் பணம் கட்டலாம். முதல் கடிதம் வராவிட்டால் இந்த ஆண்டு போக வேண்டாம், கடவுச்சீட்டுக்கு மட்டும் விண்ணப்பித்துவிடுங்கள். மண்டல அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது, சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும்.